இரண்டாவது ராத்திரி

தையலக்கா தன் வீட்டு மாடியில் மூன்று அறைகள் கட்டி நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதத்தில் ஒரு ஆள்கூட அங்கே இரண்டாவது ராத்திரி தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும், விடுதிக்காரர்களுக்குத் தெரியும், படியேறிச் சாமான் சுமக்கிற ஆட்களுக்கும் தெரியும். ஊரில் அது தெரியாத ஒரே மனிதர் தையலக்காவின் கணவர். அதைவிடப் பெரிய கூத்து, காரணமே அவர்தான்.

அவசரப்படாமல் சொல்கிறேன். முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். மலைமேல் ஒரே சாலை. அதுவும் பேருந்து நிலையத்தோடு சரி. அதற்கு மேல் எங்கே போவதென்றாலும் படிதான். படிகளின் இரு பக்கமும் வீடுகள். வீடு என்று பெயரே தவிர, ஒவ்வொன்றிலும் பாதி விடுதி. முதுகில் ஆளுயரப் பையைச் சுமந்துகொண்டு பேருந்து பேருந்தாக இளவட்டங்கள் வந்து இறங்குவார்கள். இன்னும் இளவட்டம்தான் என்று தங்களை நினைத்துக்கொண்டிருக்கிறவர்களும் இறங்குவார்கள். இறங்கியதும் எல்லோருக்கும் ஒரே கவலை: எங்கே தங்குவது? பத்துப் படிக்கு ஒரு பலகை தொங்கும். எல்லாப் பலகையிலும் ஒரே வாசகம்: அமைதியான அறை, வெந்நீர், மலைக்காட்சி. மலைக்காட்சியில் பொய் கிடையாது. இந்த ஊரில் கழிப்பறைச் சன்னலைத் திறந்தாலும் மலை தெரியும். அமைதியும் வெந்நீரும் அவரவர் அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டத்தைக் கையில் வைத்திருந்தவர்தான் தையலக்காவின் கணவர். ஊர் அவரைப் பொருத்தக்காரர் என்று கூப்பிடும். பேருந்து நிலையக் கடிகாரத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு, பெஞ்சில் ஒரு தடித்த நோட்டு, பக்கத்தில் அவர். வந்திறங்குகிறவர்களுக்குத் தங்க இடம் சொல்வது தொழில். வேறு ஊர்களில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் பையைப் பிடித்து இழுப்பார்கள், பின்னாலேயே ஓடுவார்கள். இவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். அவரைக் கேள்விப்பட்டு ஆட்கள்தான் தேடி வருவார்கள். வந்தவரிடம் மூன்றே கேள்விதான் கேட்பார்.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? குளிக்க வெந்நீர் கட்டாயமா, பச்சைத்தண்ணி போதுமா? பக்கத்து ரூம்காரங்களோட பேசப் பிடிக்குமா, பேசாம இருந்தா போதுமா?"

பதிலைக் கேட்டுக்கொண்டே செருப்பை ஒரு பார்வை, பையை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, "தகரமாடி விடுதி, ரெண்டாவது ரூம்," என்பார். அவ்வளவுதான். ஒரு தடவை, பேருந்திலேயே சண்டை போட்டுக்கொண்டு வந்திறங்கிய புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரான இரண்டு விடுதிகளுக்கு அனுப்பினார். சன்னலைத் திறந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், பேச்சு எட்டாது. மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து அசடு வழிய நின்றபோது, மூன்றாவது விடுதியில் அவர்களுக்காக ஓர் அறையை ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

அனுப்பும்போது ஒன்று சொல்வார்: "நாளைக்குக் காலையில வந்து கேட்பேன். உண்மையைச் சொல்லணும்." சொன்னபடி போய்க் கேட்கவும் செய்வார். அவருக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் ராத்திரி களைப்பில் யாரும் எங்கும் தூங்கிவிடுவார்கள். இரண்டாவது ராத்திரியும் அதே அறை வேண்டும் என்று கேட்டால்தான் பொருத்தம். கேட்டுவிட்டால் மனிதருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். முன்பல் ஒன்று இல்லாததால் அந்தச் சிரிப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். நோட்டை எடுத்து 'பொருந்தியது' என்று எழுதுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி எழுதாத பக்கங்கள் சொற்பம்.

இன்னொரு வைராக்கியமும் உண்டு. தான் ஒரு ராத்திரி படுத்துத் தூங்கிப் பார்க்காத அறைக்கு ஆள் அனுப்ப மாட்டார். அதற்காக ஊரிலுள்ள ஒவ்வொரு விடுதியிலும், ஒவ்வோர் அறையிலும் படுத்திருக்கிறார். அவர் கேட்டதும் விடுதிக்காரர்கள் உடனே சரி என்பதில்லை. "இப்ப கூட்டமா இருக்குங்க, உங்களுக்கு வசதிப்படாது. சீசன் முடியட்டும், மொத்த விடுதியும் உங்களுக்கே," என்பார்கள். பொருத்தக்காரர் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வார்.

"பாரு, நான் ஒருத்தன் படுக்கிறதுக்கு மொத்த விடுதியையும் காலி பண்ணிக் கொடுக்கிறாங்க. தொழிலுக்கு இருக்கிற மரியாதை!"

தையலக்கா "ம்" என்பாள். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த மனிதர் குறட்டை விடுவார். சாதாரணக் குறட்டை என்றால் நான் ஏன் இவ்வளவு நேரம் மூச்சைச் செலவு செய்கிறேன்? முதலில் யாரோ தகரத்தைத் தரையில் போட்டு இழுக்கிற சத்தம் வரும். பிறகு சட்டென்று நிற்கும். அப்பாடா என்று கேட்கிறவர் கண்ணை மூடினதும், பாரம் ஏற்றிய லாரி மேட்டில் திணறுகிற சத்தத்தோடு மறுபடி கிளம்பும். தம்ளரில் இருக்கிற தண்ணீர் ஆடும் என்று ஊரில் கதை கட்டியிருந்தார்கள். தையலக்கா அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். தண்ணீர் எல்லாம் ஆடாது, தம்ளர் மேலே வைத்த மூடிதான் ஆடும் என்பாள்.

கல்யாணமான முதல் வருஷமே அவள் அவரிடம் சொல்லிப் பார்த்தாள். ரொம்பப் பக்குவமாக, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போனது. ஊருக்கெல்லாம் நல்ல தூக்கம் தேடித் தருகிறவன் தன் பெண்டாட்டியின் தூக்கத்தைக் கெடுப்பதா என்று அன்று முதல் நாற்காலியில் உட்கார்ந்தே ராத்திரியைக் கழித்தார். எட்டு நாள் அப்படிப் போனது. ஒன்பதாம் நாள் பட்டப்பகலில் பேருந்துப் படியில் நின்றபடியே தூங்கி, தலைகுப்புற விழுந்தார். முன்பல் போனது அப்போதுதான். வாயில் ரத்தத்தோடு வந்து நின்றவரைத் தையலக்கா பிடித்து உட்காரவைத்தாள். "ஐயோ, நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேங்க. நீங்க பூனை மாதிரித் தூங்குறீங்க," என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அவர் நம்பினார். அன்று ராத்திரி நிம்மதியாகப் படுத்து, எட்டு நாள் பாக்கியையும் சேர்த்துக் குறட்டை விட்டார்.

அந்த ஒரு பொய்யை இருபத்திரண்டு வருஷமாக அவள் கட்டிக் காத்துவந்தாள். அவர் விடுதி சோதிக்கப் போகிற நாட்களில்தான் அவளுக்குத் தூக்கம். மறுநாள் காலையில் அவள் முகம் பளிச்சென்று இருக்கும். தன்னைக் காணாமல் ஏங்கியிருந்து இப்போது பார்த்ததும் மலர்ந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் அவள் கடை. துணி தைப்பது குறைவு. பயணிகளின் பைகள்தான் நிறைய வரும். அறுந்த தோள்வார், பிய்ந்த ஜிப், கூர்க்கல்லில் உரசிக் கிழிந்த அடிப்பாகம். தடித்த ஊசியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அந்த விரல் நகமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கழுத்து வலி வேறு. இன்னும் எத்தனை நாள் குனிந்துகொண்டே இருப்பது என்று யோசித்துத்தான், பதினொரு வருஷத் தையல் காசை மாடியில் மூன்று அறைகளாக ஆக்கினாள். சன்னல் திரை, தலையணை உறை, மெத்தை உறை எல்லாம் அவளே தைத்தது. அறைகளைப் பார்த்தால் கண்ணிலேயே ஒற்றிக்கொள்ளலாம்.

பொருத்தக்காரர் மூன்று அறையிலும் ஒவ்வொரு ராத்திரி படுத்துப் பார்த்தார். "ஊசி விழுந்தா கேக்கும்! இந்த ஊர்லேயே இப்படி ஓர் அமைதி கிடையாது," என்று சான்றிதழ் கொடுத்தார். அந்த ராத்திரிகளில் கீழே படுத்திருந்த தையலக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே விடியும்வரை கிடந்தாள். சத்தம் அவளுடைய புதுத் தளத்தின் வழியாக ஒரு சேதாரமும் இல்லாமல் இறங்கி வந்தது. கீழே வருவது மேலேயும் போகுமே என்று அவளுக்கு அப்போதே பகீரென்றது.

பயந்ததுதான் நடந்தது. தன் வீடாயிற்றே என்று பொருத்தக்காரர் பொறுக்கி எடுத்து அனுப்பினார். அமைதி தேடி வந்த சித்திரக்காரர் ஒருவர் மறுநாள் காலை ஆறு மணிக்கே பையோடு இறங்கிவந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. "எப்படி இருந்தது? உண்மையைச் சொல்லணும்," என்றார் பொருத்தக்காரர் ஆசையாக. அந்தக் குழந்தைச் சிரிப்பைப் பார்த்து யாருக்குத்தான் மனசு வரும்? "மலை... ரொம்பப் பக்கத்துல இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சித்திரக்காரர் ஓடிப்போனார். அடுத்து வந்த அக்காள் தங்கை இருவர், தண்ணீர் ரொம்பச் சுத்தமாக இருப்பதாகவும் அது தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றும் சொன்னார்கள். இன்னொருவர் காரணமே சொல்லவில்லை. பொருத்தக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரி ஏதோ சத்தம் வருகிறது என்பதை மட்டும் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பிடித்துக்கொண்டார் பொருத்தக்காரர். பக்கத்து வீடு டீக்கடைக்காரருடையது. அங்கே ஒரு தண்ணீர் பம்ப் உண்டு. "உங்க பம்ப்தாங்க என் வீட்டுக்காரி பொழப்பைக் கெடுக்குது," என்று போய் நின்றார். டீக்கடைக்காரர் தையலக்காவைப் பார்த்தார். தையலக்கா தரையைப் பார்த்தாள். நல்ல மனுஷர், பம்புக்குச் சாக்குச் சுற்றினார். விருந்தாளிகள் ஓடுவது நிற்கவில்லை. பம்பைப் பகலில் மட்டும் போட்டார். அதற்கும் நிற்கவில்லை. கடைசியில் பம்பையே கழற்றி வைத்துவிட்டு, கீழ்க்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமக்க ஆரம்பித்தார். அவரும் சொல்லவில்லை. ஊரே இப்படி வார்த்தையை மென்று விழுங்கிக்கொண்டிருந்தது.

தையலக்காவின் அண்ணனுக்கு மட்டும் இதில் சந்தோஷம். மலை உச்சியிலிருக்கும் பெரிய கண்ணாடி விடுதி அவருடையது. ஒரு நாள் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தா பாரும்மா. மாப்பிள்ளையை நாற்பது மைலுக்கு அந்தப் பக்கம் தூங்க வெச்சாத்தான் உன் மாடிக்கு ஆள் வரும். அது நடக்கிற காரியமா? எங்கிட்ட கொடுத்துடு. பழைய மெத்தையெல்லாம் அடுக்கி வெச்சுக்கிறேன். மெத்தைக்குக் காது கிடையாது."

"மாசம் முடியட்டும் அண்ணே."

"சரி. கடைசி ஞாயித்துக்கிழமை ஆள் அனுப்புறேன். அதுக்குள்ள ஒரே ஒருத்தர் ரெண்டாவது ராத்திரி தங்கட்டும், நான் இந்தப் பேச்சை எடுக்கலை."

தான் பார்த்துப் பார்த்துத் தைத்த திரைகளுக்குப் பின்னால் அண்ணனின் பழைய மெத்தைகள் கிடக்கப் போவதை நினைத்து அவளுக்கு அழுகையே வந்தது. ஆனால் சொன்னால் அவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இந்தத் தடவை பல்லோடு போகுமா என்ன?

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை பொருத்தக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நாளையோட போதும். பெஞ்சை விட்டுடறேன்," என்றார்.

"எதுக்குங்க?"

"சொந்த வீட்டுக்கே பொருத்தம் பார்க்கத் தெரியாதவன் ஊருக்கு என்னத்தைப் பார்க்கிறது? ஏழு பேரை அனுப்பினேன். ஏழு பேரும் என் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லிட்டுப் போறாங்க. அதுகூடப் புரியாதவனா நான்? என்ன பொய்யின்னுதான் புரியலை. கண்ணு போயிடுச்சு, அவ்வளவுதான். உன் அண்ணன் விடுதியில வாசல்ல உக்காரச் சொன்னாரு. உக்காந்துட்டுப் போறேன்."

தையலக்கா தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பெருமை குலையக் கூடாது என்றுதானே இத்தனை வருஷம் வாயைக் கட்டினாள்? அந்த வாய்க்கட்டுதான் இப்போது அவர் பெருமையை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையில் கடையைத் திறந்ததுமே ஒரு பெண்மணி வந்து பையைத் தொப்பென்று மேசைமேல் போட்டாள். நாற்பது வயதிருக்கும், நல்ல ஆகிருதி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பத்து நாள் லீவில் மலை பார்க்க வந்திருக்கிறாளாம். பையின் தோள்வார் அறுந்திருந்தது.

"எப்படி அறுந்துது?" என்றாள் தையலக்கா.

"நானா அறுக்கலை. எட்டுப் பேர் படுக்கிற ரூம்ல கட்டில் எடுத்திருந்தேன். காலையில பார்த்தா என் பை வெளியே படியில கிடக்குது. இது மூணாவது விடுதி. முதல் விடுதியில செருப்பால அடிச்சாங்க. குறி தப்பிடுச்சு."

"எதுக்கு?"

நர்சம்மா பெருமூச்சு விட்டாள். "குறட்டைங்க. எங்க ஆஸ்பத்திரியில மயக்க மருந்து கொடுத்த ஆளே எழுந்து உக்காந்திருக்கான்."

தையலக்காவின் ஊசி நின்றது. நாலு மாதமாக அவள் தூங்கத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். தேட வேண்டியது அந்த ஆளை இல்லை என்று அந்த நொடியில் அவளுக்கு விளங்கியது. தோள்வாரை நாலே தையலில் முடித்தாள். பையைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு, "வாங்க," என்று நர்சம்மாவின் கையைப் பிடித்துப் பேருந்து நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பத்து மணிப் பேருந்து அப்போதுதான் வந்து நின்றிருந்தது. டீக்கடையில் கூட்டம். அண்ணன் அனுப்பிய ஆட்கள் இரண்டு பேர் தலைக்கு ஒரு மெத்தையோடு படிக்கட்டின் அடியில் உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். பொருத்தக்காரர் நோட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்கு ரூம் வேணும்," என்றாள் தையலக்கா.

அவர் அரைமனதோடு நோட்டைப் பிரித்தார். கடைசி ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, மூன்று கேள்வியையும் நிதானமாகக் கேட்டார். நர்சம்மா பதில் சொன்னாள். அவர் வாயைத் திறப்பதற்குள் தையலக்கா குறுக்கே விழுந்தாள்.

"நாலாவது கேள்வி நான் கேக்கிறேன். குறட்டை விடுவீங்களா?"

"ஏய்! பொம்பளைங்ககிட்ட கேக்கிற கேள்வியா இது?" என்று பதறினார் பொருத்தக்காரர்.

"விடுவேன். ஊரே எழுந்திருக்கும்," என்றாள் நர்சம்மா.

"அப்ப நம்ம வீட்டு மாடிதான் இவங்களுக்குப் பொருத்தம்," என்றாள் தையலக்கா.

"என்ன பேசறே நீ? அந்தப் பம்ப் சத்தத்துல இவங்க எப்படி..."

"பம்பைக் கழட்டி ரெண்டு மாசமாச்சுங்க." அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். "பம்பு இல்லை. நீங்க."

சட்டென்று நிலையத்தில் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. டீக்கடைக்காரர் கழுவின தம்ளரை மறுபடி கழுவினார். மெத்தைக்காரர்கள் மெத்தையின் ஓரத்தை ஆராய்ந்தார்கள். பேருந்து ஓட்டுநர் டயரை உதைத்துப் பார்த்தார். பொருத்தக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு முகமும் அவரைப் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றார் மெதுவாக.

ஓட்டுநர் அடுத்த டயருக்குப் போனார்.

"சீசன் முடியட்டும்னு சொன்னதெல்லாம்...?" டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க தண்ணி சுமந்தது?"

"அதை விடுங்க. தோள்பட்டை நல்லா உறுதியாயிடுச்சு," என்றார் டீக்கடைக்காரர்.

பொருத்தக்காரர் தையலக்காவைப் பார்த்தார். "முதல் வருஷமே சொன்னியே. விளையாட்டுன்னு சொல்லிட்டே."

"பல்லு போயிடுச்சே. வேற என்னங்க சொல்றது?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாக்கு அந்தப் பல் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டிருப்பது கன்னத்தில் தெரிந்தது. பாவி, நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டேனே என்று தையலக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். ஓடிப்போய் மறுபடியும் விளையாட்டு என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். நல்லவேளை, நர்சம்மாவுக்குப் பொறுமை இல்லை.

"சார், எனக்கு ரூம் உண்டா, இல்லையா? நின்னு நின்னு கால் வலிக்குது."

இருபத்திரண்டு வருஷத் தொழில் அந்தக் கேள்விக்கு எழுந்து உட்கார்ந்தது. பொருத்தக்காரர் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மல்லாந்து படுத்தாலா, ஒருக்களிச்சாலா?"

"எப்படிப் படுத்தாலும்."

"தொடர்ச்சியாவா, விட்டு விட்டா?"

"தொடர்ச்சியா. நடுவில விசில் உண்டு."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். "மூணாவது ரூம். உங்க கட்டில் என் கட்டிலுக்கு நேர் மேலே வரும். நாளைக்குக் காலையில வந்து கேட்பேன். உண்மையைச் சொல்லணும்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது ஊரையே ஒரு முறை முறைத்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் நர்சம்மா இறங்கி வந்தாள். முகம் கழுவின பாத்திரம்போலப் பளபளத்தது. எப்படி இருந்தது என்று அவர் பயந்துகொண்டே கேட்டார். "நடுவில ஒருதரம் ஏதோ சத்தம் கேட்டுச்சு. நானாத்தான் இருக்கும்னு திரும்பிப் படுத்துட்டேன். பத்து நாளும் இங்கேதான்," என்றாள். தையலக்கா கெஞ்சி ஒரு நாள் நிறுத்திவைத்திருந்த மெத்தைக்காரர்கள் மெத்தையோடு வந்த வழியே திரும்பிப் போனார்கள். கெடு ஒரு நாள் தாண்டினாலும் அண்ணன் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நாலாவது கேள்வி நிலையான கேள்வியாகிவிட்டது. இத்தனை வருஷம் இதைக் கேட்காமல் விட்டதால் எத்தனை பேர் எத்தனை கட்டிலில் கண்விழித்துக் கிடந்தார்களோ என்று பொருத்தக்காரர் புலம்புவார். பொது அறைகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தேடி வந்தார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று அறையும் நிரம்பின. கீழே அவர், மேலே மூன்று பேர். ஒருவருக்கொருவர் தொந்தரவே கிடையாது. நாலு பேரும் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினார்கள்.

அந்த வீட்டில் ஐந்தாவதாக ஒரு ஆள் உண்டு என்பது எல்லோருக்கும் மறந்துபோனது. பத்தாம் நாள் தையலக்கா மிஷினிலேயே தூங்கி, ஒரு வெளியூர்க்காரரின் பை வாயை மூடித் தைத்துவிட்டாள். செய்தி பேருந்து நிலையத்துக்கு எட்டியது. சாயங்காலம் பொருத்தக்காரர் கடைக்கு வந்தார். கையில் நோட்டு. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் மறுபடியும் நாற்காலியில..."

"நாற்காலியில உக்காந்தீங்கன்னா நாற்காலியை உடைச்சு அடுப்புல வெச்சிடுவேன்."

"சரி, சரி." நோட்டைப் பிரித்தார். "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து வெளியூர்க்காரர்களைப் பார்க்கிற அதே பார்வை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பார்வை தன்மேல் விழுவது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

"எட்டரை," என்றாள்.

"எட்டரையா? நீ அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறவளாச்சே!"

"நான் எங்கே எழுந்திருக்கிறேன்? தூங்கினாத்தானே எழுந்திருக்கிறதுக்கு?"

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "வெந்நீர் கட்டாயமா?"

"ஆமாம். நீங்க குளிச்சு மிச்சம் வெச்ச வெந்நீர் இல்லை. முதல் வெந்நீர்."

"பக்கத்து ரூம்காரங்ககிட்ட பேசப் பிடிக்குமா?"

"பக்கத்து ரூமே வேண்டாம்."

நாலாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. அவளுடைய செருப்பை ஒரு பார்வை, சாய்ந்துபோன நகத்தை ஒரு பார்வை பார்த்தார். "பள்ளத்து வீடு," என்றார். "சுவர் ஒரு முழம். மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சது. ஒரே ரூம். ஆனா ஒரு குறை. இந்த ஊர்லேயே மலை தெரியாத ரூம் அது ஒண்ணுதான். யாரும் எடுக்க மாட்டாங்க."

"எனக்கு வேணும். நம்ம சன்னல்ல மலையைப் பார்த்துக்கிட்டேதான் இருபத்திரண்டு வருஷமாப் படுத்திருக்கேன். போதும்."

வாரத்தில் சனிக்கிழமை ஒரு ராத்திரி மட்டும் என்று பேச்சு. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய சின்னப் பையைப் பொருத்தக்காரரே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பெஞ்சைவிட்டு எழுந்திருக்காத மனிதர் யாருக்கோ பை தூக்குகிறாரே என்று ஊரே வேடிக்கை பார்த்தது. பள்ளத்து வீட்டு வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டு, "நாளைக்குக் காலையில வந்து கேட்பேன்," என்று ஆரம்பித்தார்.

"உண்மையைச் சொல்லணும். தெரியும், போங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலை ஆறு மணிக்கே அவர் பிளாஸ்கில் டீயோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஏழு ஆனது. எட்டு ஆனது. ஒன்பதே கால் மணிக்குக் கதவு திறந்தது. தையலக்காவின் ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பு அச்சாகப் பதிந்திருந்தது. அவர் எழுந்து நின்றார்.

"எப்படி இருந்தது?"

"பிரமாதம்."

"நடுவில முழிப்பு...?"

"இல்லை."

"நான் பக்கத்துல இல்லையேன்னு...?"

தையலக்கா அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். தூக்கத்தைப் பற்றி அவரிடம் இருபத்திரண்டு வருஷமாகப் பொய் சொல்லியே பழகியிருந்தாள். கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. "தோணவே இல்லைங்க," என்றாள்.

அவர் முகம் ஒரு பிடி இறங்கியது. பிளாஸ்க் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். டீயை ஊற்றி அவளிடம் நீட்டினார். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"இன்னிக்கு ராத்திரியும் இந்த ரூம் கிடைக்குமா?"

இரண்டாவது ராத்திரி! அவள் தன் பெண்டாட்டி, இது தனக்கு வருத்தப்பட வேண்டிய விஷயம் என்பதெல்லாம் பொருத்தக்காரருக்குத் தெரியாமல் இல்லை. வருத்தப்படத்தான் பார்த்தார். அதற்குள் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் நோட்டைத் தேடினார்.